ஹைட் பார்க் பிக்சர் ஹவுஸ்

இக்கட்டுரை லீட்ஸ் நகரத் திரையரங்கு பற்றியது. லண்டனில் உள்ள பூங்காவிற்கு, ஹைட் பார்க் என்பதைப் பார்க்கவும்.

ஹைட் பார்க் பிக்சர் ஹவுஸ் என்பது ஐக்கிய இராச்சியத்தின் வட இங்கிலாந்தில், யார்க்சயர் பகுதியைச் சேர்ந்த லீட்ஸ் நகரில் அமைந்துள்ள ஒரு பழைமையான திரையரங்கு ஆகும். இது 1914ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் திறக்கப்பட்டது. அரங்கினுள் எரிவாயு விளக்குகள் இன்றும் எரியும் உலகின் ஒரே திரையரங்கு இதுவே எனக் கருதப்படுகிறது. 1980களில் மூடப்படும் நிலையை அடைந்த இத்திரையரங்கு, உள்ளூர் மக்களின் ஆதரவினாலும் 1989ஆம் ஆண்டில் லீட்ஸ் மாநகர அவை மேற்கொண்ட நடவடிக்கையினாலும் காப்பாற்றப்பட்டது. 1996ஆம் ஆண்டில் இதன் கட்டிடம் இரண்டாம் தரப் பாதுகாக்கப்பட்ட கட்டிடமாகப் பட்டியலிடப்பட்டது. 2020ஆம் ஆண்டில் புதுப்பித்தலுக்காக மூடப்பட்டு, 2023ஆம் ஆண்டு சூன் 30ஆம் நாள் மீண்டும் திறக்கப்பட்டது.

பெருநகர மையங்களில் கட்டப்பட்ட ஆடம்பரமான திரைப்பட அரண்மனைகளில் ஒன்றாக இது என்றும் இருந்ததில்லை. ஒரு குடியிருப்புப் பகுதியின் மக்கள் நடந்தே வந்து படம் பார்த்துச் செல்வதற்காகக் கட்டப்பட்ட சிறிய அரங்கு இது. இவ்வகை அரங்குகளே பிரித்தானியாவில் மிகுதியாக அழிந்துபோனவை என்பதால், இதன் வரலாறு ஒரு தனிக் கட்டிடத்தின் வரலாறு என்பதற்கும் மேலான முக்கியத்துவம் உடையது.

பெயரும் அமைவிடமும்

ஆங்கிலத்தில் பிக்சர் ஹவுஸ் என்னும் சொல் படம் காட்டும் இல்லம் எனப் பொருள்படும். தமிழில் இதனைப் படமாளிகை எனலாம். 1910களில் இங்கிலாந்தில் திறக்கப்பட்ட பல அரங்குகள் பிக்சர் ஹவுஸ், பிக்சர் பேலஸ், பிக்சர்டிரோம் போன்ற பெயர்களைத் தாங்கியிருந்தன. சினிமா என்னும் சொல் பின்னரே பொதுவழக்கானது.

அரங்கு, நகர மையத்திற்கு வடமேற்கே உள்ள ஹைட் பார்க் என்னும் பகுதியில், புரூடனெல் சாலையில் ஒரு தெருமுனையில் அமைந்துள்ளது. இப்பகுதி பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் எழுந்த செங்கல் வரிசை வீடுகளால் நிறைந்தது. ஒரு வீட்டின் பின்சுவர் மற்றொரு வீட்டின் பின்சுவராகவும் அமையும் 'முதுகோடு முதுகு' வீடுகளையும் இங்குக் காணலாம். லீட்ஸ் பல்கலைக்கழகம் அருகிலிருப்பதால், இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து மாணவர்கள் பெருமளவில் வசிக்கும் பகுதியாக இது மாறியது. இம்மாற்றம் அரங்கின் பிற்கால வாழ்விற்குத் துணைபுரிந்தது.

பின்னணி

திரைப்படத்தின் தொடக்க வரலாற்றில் லீட்ஸ் நகருக்குச் சிறப்பான இடமுண்டு. பிரான்சில் பிறந்து லீட்ஸில் வாழ்ந்த லூயி லெ பிரின்ஸ், 1888ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் இந்நகரின் ரவுண்ட்ஹே பகுதியில் ஒரு வீட்டுத் தோட்டத்தில் படமாக்கிய சில நொடிகள் நீளமான காட்சியே இன்று எஞ்சியுள்ள மிகப் பழைய அசையும் படம் எனக் கருதப்படுகிறது. லீட்ஸ் பாலத்தின் மீதான போக்குவரத்தையும் அவர் அதே ஆண்டில் படமாக்கினார். 1890ஆம் ஆண்டில் பிரான்சில் தொடர்வண்டிப் பயணம் ஒன்றின்போது அவர் காணாமற்போனார். அவரது கண்டுபிடிப்பு வணிக அளவில் வளரவில்லை.

திரைப்படங்கள் முதலில் சந்தைகளிலும் இசையரங்குகளிலும் வாடகை மண்டபங்களிலுமே காட்டப்பட்டன. அக்காலப் படச்சுருள்கள் நைட்ரோ செல்லுலோசு என்னும் எளிதில் தீப்பற்றும் பொருளால் ஆனவை. 1897ஆம் ஆண்டில் பாரிசு நகரில் ஓர் அறக்கொடைச் சந்தையில், படம் காட்டும் கருவியின் விளக்கிலிருந்து தொடங்கிய தீயில் 120க்கும் மேற்பட்டோர் இறந்தனர். இத்தகைய ஆபத்துகளைக் கட்டுப்படுத்த, பிரித்தானிய நாடாளுமன்றம் 1909ஆம் ஆண்டில் திரைப்படச் சட்டத்தை இயற்றியது. இது 1910 சனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. இச்சட்டத்தின்படி:

* எளிதில் தீப்பற்றும் படச்சுருளைக் காட்டும் இடங்கள் உள்ளூர் ஆட்சி அமைப்பிடம் உரிமம் பெறவேண்டும்.
* படம் காட்டும் கருவி, பார்வையாளர்களிடமிருந்து பிரிக்கப்பட்ட, தீயைத் தாங்கும் தனி அறையில் வைக்கப்படவேண்டும்.

வாடகை மண்டபங்கள் பலவற்றால் இவ்விதிகளை எளிதில் நிறைவேற்ற இயலவில்லை. எனவே படம் காட்டுவதற்கென்றே தனிக் கட்டிடங்கள் விரைவாக எழுந்தன. 1910க்கும் 1914க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் பிரித்தானிய நகரங்களில் நூற்றுக்கணக்கான அரங்குகள் திறக்கப்பட்டமைக்கு இச்சட்டம் ஒரு முக்கியக் காரணமாகும். பிரித்தானிய இந்தியாவில் 1918ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட திரைப்படச் சட்டமும் அரங்குகளுக்கான உரிம முறையைக் கொண்டிருந்தது.

தொடக்க காலம்

ஹைட் பார்க் பிக்சர் ஹவுஸ் திறக்கப்பட்டபோது முதல் உலகப் போர் தொடங்கி மூன்று மாதங்களே ஆகியிருந்தன. முதல் படமாகத் 'தெயர் ஒன்லி சன்' என்னும் நாட்டுப்பற்றுப் படம் காட்டப்பட்டது. போர்க்காலத்தில் திரையரங்குகள் பொழுதுபோக்கிற்கு மட்டுமின்றிப் போர்ச் செய்திகளைக் காட்டுவதற்கும் பயன்பட்டன. 1916ஆம் ஆண்டில் நுழைவுச்சீட்டின் மீது கேளிக்கை வரி விதிக்கப்பட்டது. போர்க்கால நடவடிக்கையாகத் தொடங்கிய அவ்வரி 1960ஆம் ஆண்டு வரை திரையரங்குகளின் மீது நீடித்தது.

1920களின் இறுதியில் பேசும்படங்கள் பரவியபோது, ஒவ்வோர் அரங்கும் ஒலிக்கருவிகளை நிறுவவேண்டிய கட்டாயம் ஏற்பட்டது. அடுத்த பத்தாண்டில் பெருநிறுவனங்கள் ஆயிரத்திற்கும் இரண்டாயிரத்திற்கும் மேற்பட்ட இருக்கைகள் கொண்ட புதிய அரங்குகளைக் கட்டின. இம்மாற்றங்களுக்கு ஈடுகொடுக்க இயலாத சிற்றரங்குகள் பல மறைந்தன. ஹைட் பார்க் பிக்சர் ஹவுஸ் பெரிதாக மாற்றியமைக்கப்படாமலேயே தொடர்ந்து இயங்கியது. அன்று வசதிக்குறைவாகத் தோன்றிய இதுவே, பின்னர் அதன் பழைய தோற்றம் எஞ்சியிருப்பதற்குக் காரணமாயிற்று.

கட்டிட அமைப்பு

கட்டிடத்தை வடிவமைத்தவர்கள் லீட்ஸைச் சேர்ந்த தாமசு வின் என்பவரின் கட்டிடக்கலை நிறுவனத்தினர். தெருமுனையை நோக்கிய முகப்பு வெள்ளை நிறப் பளபளப்பான சுடுமண் பலகைகளால் ஆனது. ஏனைய சுவர்கள் செங்கல்லால் ஆனவை. நுழைவாயிலில் அயோனிக் பாணித் தூண்கள் உள்ளன. அதன் மேலே வளைந்த விளிம்புடைய முக்கோணச் சுவரும் கடிகாரமும் அமைந்துள்ளன. புகைக்கரியால் கறுத்த தொழில் நகரத்தில், வெள்ளைச் சுடுமண் முகப்பு தொலைவிலிருந்தே கண்ணில் படும். மழையால் எளிதில் கழுவப்படும் என்பதும் அக்காலத்தில் இப்பொருள் விரும்பப்பட்டமைக்குக் காரணமாகும்.

குறிப்பிடத்தக்க பிற கூறுகள் பின்வருமாறு:

* வெளிப்புறத்தை நோக்கிய நுழைவுச்சீட்டுக் கூண்டு. பார்வையாளர்கள் தெருவில் நின்றவாறே சீட்டு வாங்குவர்.
* அரங்கினுள் சுதை வேலைப்பாடுகளுடன் கூடிய மாடம்.
* வில் வளைவான கூரை.
* அரங்கின் வெளியே நடைபாதையில் நிற்கும் எரிவாயு விளக்குத் தூண். இதுவும் தனியே பாதுகாக்கப்பட்ட பொருளாகப் பட்டியலிடப்பட்டுள்ளது.

எரிவாயு விளக்குகள்

அரங்கின் பக்கச் சுவர்களில் பொருத்தப்பட்டுள்ள எரிவாயு விளக்குகள் படம் ஓடும்போதும் மங்கலாக எரிந்துகொண்டிருக்கும். இவை ஆங்கிலத்தில் 'அடக்க விளக்குகள்' எனப் பொருள்படும் பெயரால் அழைக்கப்பட்டன. ஆணும் பெண்ணும் அறிமுகமற்றவர்களுடன் இருட்டில் அமர்ந்திருப்பது ஒழுக்கக்கேட்டிற்கு வழிவகுக்கும் என்னும் அச்சம் 1910களில் பரவலாக இருந்தது. எனவே, பார்வையாளர்கள் ஒருவரை ஒருவர் காணும் அளவிற்காவது வெளிச்சம் இருக்கவேண்டும் எனக் கருதப்பட்டது.

இவ்விளக்குகளுக்கு நடைமுறைப் பயன் ஒன்றும் இருந்தது. படம் காட்டும் கருவிக்கு வலுவான ஒளி தேவைப்பட்டதால் அது மின்வில் விளக்கைக் கொண்டு இயங்கியது. மின்சாரம் தடைப்பட்டால் அரங்கு முழுதும் இருளில் மூழ்கும். எரிவாயு தனி வழியில் வருவதால், மின்தடையின்போதும் சுவர் விளக்குகள் எரியும். பார்வையாளர்கள் பதற்றமின்றி வெளியேற இது உதவும். இருளும் புகையும் நெரிசலும் சேர்ந்தால் விளையும் கேட்டிற்கு, 1929ஆம் ஆண்டு திசம்பர் 31ஆம் நாள் இசுக்காட்லாந்தின் பெயிசிலி நகரில் உள்ள கிளென் திரையரங்கில் நிகழ்ந்த பேரிடர் சான்றாகும். படச்சுருள் ஒன்றிலிருந்து எழுந்த புகையைக் கண்டு வெளியேற முயன்ற நெரிசலில் 71 குழந்தைகள் உயிரிழந்தனர்.

எரிவாயு விளக்கின் ஒளி சுடரிலிருந்து நேரடியாக வருவதில்லை. ஆஸ்திரிய வேதியியலாளர் கார்ல் ஆவர் ஃபொன் வெல்சுபாக் 1880களில் உருவாக்கிய வலைக்கூடு இதில் பயன்படுகிறது. தோரியம், சீரியம் ஆகிய தனிமங்களின் உப்புகளில் நனைத்த துணிவலை எரிக்கப்பட்டதும், துணி எரிந்துபோய் ஆக்சைடுகளாலான மெல்லிய கூடு எஞ்சும். சுடரின் வெப்பத்தால் இக்கூடு வெண்ணிறமாக ஒளிரும். பெட்ரோமாக்சு விளக்குகளில் காணப்படுவதும் இதே அமைப்பே. கூடு மிகவும் எளிதில் உடையக்கூடியது என்பதால் அடிக்கடி மாற்றவேண்டும். எரிவாயு விளக்குகள் வழக்கொழிந்த பின்னர் உதிரிப்பாகங்களும் அவற்றைப் பழுதுபார்க்கத் தெரிந்தவர்களும் அரிதாயினர். இவ்விளக்குகளைத் தொடர்ந்து எரியச் செய்வதே ஒரு பாதுகாப்புப் பணியாக மாறியது.

திரையரங்குகளின் சரிவு

ஹைட் பார்க் பிக்சர் ஹவுஸ் எதிர்கொண்ட நெருக்கடியைப் புரிந்துகொள்ளப் பிரித்தானியத் திரையரங்குகளின் பொதுநிலையை அறிவது அவசியமாகும். 1946ஆம் ஆண்டில் பிரித்தானியாவில் 163 கோடிக்கும் மேற்பட்ட நுழைவுச்சீட்டுகள் விற்பனையாயின. அதாவது ஒருவர் ஆண்டொன்றுக்குச் சராசரியாக முப்பது முறைக்கு மேல் திரையரங்கிற்குச் சென்றார். அப்போது நாட்டில் சுமார் 4,700 அரங்குகள் இருந்தன. 1984ஆம் ஆண்டில் விற்பனையான சீட்டுகளின் எண்ணிக்கை சுமார் 5.4 கோடியாகக் குறைந்தது. இது ஒருவருக்கு ஆண்டில் ஒரு முறை கூட இல்லை.

இச்சரிவிற்கு முக்கியக் காரணங்கள்:

* தொலைக்காட்சி: 1953ஆம் ஆண்டு சூன் மாதம் நடைபெற்ற இரண்டாம் எலிசபெத் அரசியின் முடிசூட்டு விழா ஒளிபரப்பு தொலைக்காட்சிப் பெட்டிகளின் விற்பனையைப் பெருக்கியது. 1955ஆம் ஆண்டில் வணிகத் தொலைக்காட்சி தொடங்கியது.
* குடிபெயர்வு: பழைய நெருக்கமான குடியிருப்புகள் இடிக்கப்பட்டு மக்கள் நகரின் வெளிப்பகுதிகளுக்குச் சென்றபோது, நடந்து வரும் தூரத்தில் இருந்த பார்வையாளர்களை அரங்குகள் இழந்தன.
* மாற்றுப் பயன்பாடு: 1960ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டத்திற்குப் பின் பல அரங்குகள் பிங்கோ விளையாட்டு மண்டபங்களாக மாறின. வேறு சில கிடங்குகளாகவும் வழிபாட்டிடங்களாகவும் மாறின.
* ஒளிப்பேழை: 1980களில் படங்களை வீட்டிலேயே வாடகைக்கு எடுத்துப் பார்க்கும் வழக்கம் பரவியது.
* பல்திரை அரங்குகள்: 1985ஆம் ஆண்டில் மில்டன் கீன்சு நகரில் பத்துத் திரைகள் கொண்ட, நாட்டின் முதல் பல்திரை அரங்கு திறக்கப்பட்டது. பார்வையாளர் எண்ணிக்கை மீண்டும் ஏறத் தொடங்கிய போதிலும், அதன் பயன் மகிழுந்து நிறுத்துமிடத்துடன் கூடிய புதிய வளாகங்களுக்கே பெரிதும் சென்றது.

ஒரே திரை கொண்ட அரங்கிற்கு மேலும் ஓர் இடர் உண்டு. விநியோகத்தர் ஒரு புதிய படத்தைத் தரும்போது, குறிப்பிட்ட நாட்களுக்குத் தொடர்ந்து அதனைக் காட்டவேண்டும் என நிபந்தனை விதிப்பது வழக்கம். பல திரைகள் உள்ள இடத்தில் கூட்டம் குறைந்த படத்தைச் சிறிய திரைக்கு மாற்றிவிடலாம். ஒரே திரை உள்ள இடத்தில் அப்படம் வெற்று இருக்கைகளுக்கே ஓடவேண்டியிருக்கும். சீட்டு வருமானத்தில் பெரும்பங்கு விநியோகத்தரைச் சேர்வதால், சிற்றுண்டி விற்பனையே அரங்கின் முதன்மை வருவாயாகிறது. கூட்டம் இல்லாதபோது அதுவும் நின்றுவிடும்.

மூடலிலிருந்து மீட்பு

1980களில் ஹைட் பார்க் பிக்சர் ஹவுஸ் இந்நெருக்கடியின் உச்சத்தை அடைந்தது. கட்டிடம் பழைமையானது. பழுதுபார்க்கும் செலவு மிகுதி. இருக்கைகளின் எண்ணிக்கையோ முந்நூறுக்கும் குறைவு. எனினும் பல்கலைக்கழக மாணவர்களும், வணிக அரங்குகளில் காட்டப்படாத அயல்மொழிப் படங்களையும் பழைய படங்களையும் நாடுவோரும் இங்குத் தொடர்ந்து வந்தனர். 1984ஆம் ஆண்டில் அரங்கை ஆதரிப்பதற்காக 'ஹைட் பார்க் பிக்சர் ஹவுஸ் நண்பர்கள்' என்னும் அமைப்பு உருவாக்கப்பட்டது. பிரித்தானியாவில் பார்வையாளர் எண்ணிக்கை வரலாற்றிலேயே மிகத் தாழ்ந்திருந்த ஆண்டு அதுவே என்பது கவனிக்கத்தக்கது.

1989ஆம் ஆண்டில் அரங்கு மூடப்படும் அபாயம் உறுதியானபோது லீட்ஸ் மாநகர அவை தலையிட்டது. அரங்கு பொது உடைமையாக்கப்பட்டு, மாநகர அவையுடன் தொடர்புடைய லீட்ஸ் கிராண்ட் நாடக அரங்கு நிறுவனத்தின் பொறுப்பில் விடப்பட்டது. 1878ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட கிராண்ட் நாடக அரங்கும், 1865ஆம் ஆண்டைச் சேர்ந்த சிட்டி வெரைட்டீசு இசையரங்கும் இதே நிறுவனத்தின் கீழ் வந்தன. இந்நிறுவனம் 2020ஆம் ஆண்டு முதல் லீட்ஸ் பாரம்பரிய அரங்குகள் என்னும் பெயரில் இயங்குகிறது.

இவ்வேற்பாட்டின் பயன்களை மூன்றாகத் தொகுக்கலாம்.

1. நிலத்தின் விலையிலிருந்து விடுதலை: தனியார் உரிமையாளர் ஒருவருக்கு, இடத்தை விற்றுக் கிடைக்கும் தொகை படம் காட்டிக் கிடைக்கும் வருவாயைவிட எப்போதும் மிகுதியாகவே இருக்கும். பொது உடைமையில் இவ்வொப்பீடு அன்றாட அச்சுறுத்தலாக இருப்பதில்லை.
2. செலவுப் பகிர்வு: கணக்கு, பணியாளர் நிர்வாகம் போன்ற பணிகளைப் பெரிய அரங்குகளுடன் பகிர்ந்துகொள்ள முடிந்தது.
3. நிகழ்ச்சித் தெரிவில் சுதந்திரம்: இலாபம் ஈட்டுவது முதல் நோக்கமாக இல்லாததால், சிறு கூட்டத்திற்கான படங்களையும் காட்ட இயன்றது. 1987ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட லீட்ஸ் பன்னாட்டுத் திரைப்பட விழாவின் நிகழ்விடங்களுள் ஒன்றாகவும் இது விளங்கிவருகிறது.

இதன் மறுபக்கமும் உண்டு. மாநகர அவையின் நிதிநிலை சுருங்கும்போது அரங்கிற்கான ஆதரவும் சுருங்கக்கூடும். ஆகவே நண்பர்கள் அமைப்பின் பணி 1989ஆம் ஆண்டுடன் முடிந்துவிடவில்லை. மீட்பு என்பது ஒருநாள் நிகழ்வன்று என்பதையே இவ்வரங்கின் பின்வந்த ஆண்டுகள் காட்டுகின்றன.

சட்டப் பாதுகாப்பும் அதன் எல்லைகளும்

இங்கிலாந்தில் வரலாற்று முக்கியத்துவம் உடைய கட்டிடங்கள் முதல் தரம், விண்மீன் குறியுடைய இரண்டாம் தரம், இரண்டாம் தரம் என மூன்று நிலைகளில் பட்டியலிடப்படுகின்றன. பட்டியலிடப்பட்ட கட்டிடத்தை உரிய ஒப்புதலின்றி இடிப்பதோ, அதன் சிறப்புத் தன்மையைப் பாதிக்கும் வகையில் மாற்றுவதோ குற்றமாகும். 1996ஆம் ஆண்டில் ஹைட் பார்க் பிக்சர் ஹவுஸ் இரண்டாம் தரத்தில் சேர்க்கப்பட்டது.

எனினும் இப்பட்டியல் கட்டிடத்தைக் காக்குமேயன்றி அதன் பயன்பாட்டைக் காக்காது. உரிய ஒப்புதல்களுடன் ஒரு பழைய திரையரங்கு மதுவிடுதியாகவோ உடற்பயிற்சிக் கூடமாகவோ மாறலாம். முகப்பும் மாடமும் அப்படியே இருக்க, படம் காட்டுதல் மட்டும் நின்றுபோன அரங்குகள் இங்கிலாந்தின் பல நகரங்களில் உள்ளன. 2011ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம், மக்களுக்குப் பயன்படும் இடங்களைச் 'சமுதாய மதிப்புள்ள சொத்து' எனப் பதிவுசெய்ய வழிசெய்தது. இவ்வாறு பதிவான இடம் விற்பனைக்கு வரும்போது, அதனை வாங்க முயல்வதற்கு உள்ளூர் அமைப்புகளுக்குக் கால அவகாசம் கிடைக்கும். ஆனால் அவ்வமைப்புகளுக்கே விற்கவேண்டும் என்னும் கட்டாயம் உரிமையாளருக்கு இல்லை. கட்டிடம், உரிமை, பயன்பாடு ஆகிய மூன்றும் ஒருசேரப் பாதுகாக்கப்படும்போதே ஒரு திரையரங்கு திரையரங்காக நிலைக்கும்.

அண்டைப் பகுதிகளுடன் ஒப்பீடு

அருகிலுள்ள ஹெடிங்லி பகுதியில் இரண்டு பழைய அரங்குகள் ஒரே தனியார் நிறுவனத்தின் உடைமையாக இருந்தன. அவற்றுள் லவுஞ்சு திரையரங்கு 2005ஆம் ஆண்டில் மூடப்பட்டது. 1912ஆம் ஆண்டு முதல் இயங்கிவந்த காட்டேச்சு சாலைத் திரையரங்கும் அதே ஆண்டில் மூடப்படவிருந்தது. பழைய அரங்குகளை நடத்துவதில் அனுபவம் கொண்ட மற்றொரு சிறு நிறுவனம் பொறுப்பேற்றதால் அது தப்பியது. இங்கு மீட்பு பொதுநிதியால் அன்றித் தனியார் முயற்சியால் நிகழ்ந்தது.

ஹைட் பார்க் பகுதியிலேயே தோல்வியுற்ற முயற்சியும் உண்டு. 2004ஆம் ஆண்டில் மூடப்பட்ட ராயல் பார்க் தொடக்கப்பள்ளியின் பழைய கட்டிடத்தைச் சமுதாயக் கூடமாக மாற்றவேண்டும் என அப்பகுதி மக்கள் பல ஆண்டுகள் கோரினர். பயன்பாடின்றி விடப்பட்ட கட்டிடம் சிதைந்து, இறுதியில் இடிக்கப்பட்டது. மூடப்படும் முன்னரே உடைமை மாற்றம் நிகழ்ந்த திரையரங்கும், மூடப்பட்ட பின்னர் முயற்சி தொடங்கிய பள்ளியும் ஒரே குடியிருப்புப் பகுதியைச் சேர்ந்தவை. வெற்றுக் கட்டிடத்தின் பழுதுபார்க்கும் செலவு ஆண்டுதோறும் பெருகும் என்பதால், தலையிடும் காலம் முடிவைப் பெரிதும் தீர்மானிக்கிறது.

எண்ணிம மாற்றம்

ஒரு நூற்றாண்டாக 35 மில்லிமீட்டர் அகலப் படச்சுருளே திரையரங்குகளின் பொது ஊடகமாக இருந்தது. இதனால் 1914ஆம் ஆண்டு அரங்கும் புதிய பல்திரை வளாகமும் ஒரே படப்பிரதியைக் காட்ட இயன்றது. 2000களின் பிற்பகுதியிலும் 2010களின் தொடக்கத்திலும் விநியோகத்தர்கள் வன்தட்டில் அனுப்பப்படும் எண்ணிமப் பிரதிகளுக்கு மாறினர். படச்சுருளை அச்சிடும் செலவு குறைந்ததால் பயன் பெற்றவர்கள் விநியோகத்தர்கள். ஆனால் புதிய கருவிகளை வாங்கும் செலவு அரங்குகளின் மீது விழுந்தது. இச்சமனின்மையைச் சரிசெய்ய, ஒவ்வொரு பிரதிக்கும் ஒரு தொகையை விநியோகத்தர் கருவிக்கடனுக்குச் செலுத்தும் முறை ஏற்பட்டது. இது புதிய படங்களைத் தொடர்ந்து காட்டும் பெரிய நிறுவனங்களுக்கே ஏற்றதாக இருந்தது. பழைய படங்களையும் மீள்காட்சிகளையும் காட்டும் சிற்றரங்குகள் இதனால் அதிகம் பயன்பெறவில்லை. ஐக்கிய இராச்சியத் திரைப்பட மன்றம் 2005ஆம் ஆண்டு முதல் சுமார் 240 திரைகளுக்கு எண்ணிமக் கருவிகளை வழங்கிய திட்டம் இவ்விடைவெளியை ஓரளவு குறைத்தது.

ஹைட் பார்க் பிக்சர் ஹவுஸ் எண்ணிமக் கருவிகளை ஏற்றுக்கொண்டது. அதே வேளையில் 35 மில்லிமீட்டர் கருவிகளையும் அகற்றாமல் வைத்துக்கொண்டது. எண்ணிம வடிவில் கிடைக்காத பழைய படங்களைக் காட்ட இவை இன்றும் உதவுகின்றன.

புதுப்பித்தல்

பொது உடைமையாக்கம் உடனடி அபாயத்தை நீக்கியதே தவிர, அரங்கின் அடிப்படைக் குறைகளை நீக்கவில்லை. சக்கர நாற்காலியில் வருவோர் எளிதில் நுழைய இயலவில்லை. முன்கூடம் மிகச் சிறியது என்பதால், மழை நாட்களில் பார்வையாளர்கள் வெளியே வரிசையில் நிற்க நேர்ந்தது. ஒரே திரை என்னும் பொருளாதார இடரும் தொடர்ந்தது.

இவற்றைத் தீர்க்கத் தேசியப் பரிசுச்சீட்டுப் பாரம்பரிய நிதியத்தின் உதவியுடன் ஒரு திட்டம் வகுக்கப்பட்டது. இந்நிதியம் 20 இலட்சம் பவுண்டுகளுக்கும் மேற்பட்ட நல்கையை வழங்கியது. ஏனைய தொகை மாநகர அவை, அறக்கட்டளைகள், பொதுமக்கள் ஆகியோரிடமிருந்து திரட்டப்பட்டது. 2020ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அரங்கு பணிகளுக்காக மூடப்பட்டது. அதனையடுத்துப் பரவிய கோவிட்-19 பெருந்தொற்றால் பணிகள் தாமதமாயின.

பணியின் முக்கியக் கூறுகள்:

* முதன்மை அரங்கின் சுதை வேலைப்பாடுகள், மாடம், எரிவாயு விளக்குகள் ஆகியவற்றைச் சீரமைத்தல்.
* கீழ்த்தளத்தில் சுமார் 50 இருக்கைகள் கொண்ட இரண்டாவது திரையை அமைத்தல்.
* படிகளின்றி நுழையும் வழியும், மாற்றுத்திறனாளிகளுக்கான கழிப்பறையும் ஏற்படுத்துதல்.
* முன்கூடத்தை விரிவாக்கிச் சிற்றுண்டி வசதியை மேம்படுத்துதல்.

பழைய கட்டிடத்தில் புதிய பகுதிகளைச் சேர்ப்பது அதன் தன்மையைக் கெடுக்கும் என்னும் கருத்து பாதுகாப்புப் பணிகளில் அடிக்கடி எழுவதாகும். இங்கு இரண்டாவது திரை, பார்வையாளர் கண்ணில் படாத கீழ்த்தளத்தில் அமைக்கப்பட்டமையால் முதன்மை அரங்கைப் பிரிக்கவேண்டிய தேவை ஏற்படவில்லை. 1970களில் பிரித்தானியாவின் பல அரங்குகள் மாடத்தையும் கீழ்த்தளத்தையும் தடுப்புச் சுவர்களால் பிரித்து இரண்டு, மூன்று திரைகளாக மாற்றப்பட்டதால் தம் உள்ளழகை இழந்தன. அதே பொருளாதாரத் தேவையை, அவ்விழப்பின்றி நிறைவேற்றியது இத்திட்டத்தின் சிறப்பாகும்.

2023ஆம் ஆண்டு சூன் 30ஆம் நாள் அரங்கு மீண்டும் திறக்கப்பட்டது. 2024ஆம் ஆண்டில் இது 110 ஆண்டுகளை நிறைவு செய்தது.

நிகழ்ச்சிகள்

புதிய படங்களுடன் அயல்மொழிப் படங்கள், ஆவணப்படங்கள், செவ்வியல் படங்கள் ஆகியனவும் இங்குக் காட்டப்படுகின்றன. கைக்குழந்தைகளுடன் வரும் பெற்றோருக்கான காட்சிகள், சிறுவர்களுக்கான வார இறுதிக் காட்சிகள், நள்ளிரவுக் காட்சிகள் போன்றவை தனித்தனியே நடத்தப்பட்டுவருகின்றன. மௌனப் படங்கள் நேரடி இசையுடன் காட்டப்படுவதும் உண்டு. எரிவாயு விளக்குகளின் மங்கிய ஒளியில், 1914ஆம் ஆண்டின் பார்வையாளர் கண்ட சூழலுக்கு மிக நெருக்கமான நிலையில் இப்படங்களைக் காண இயல்கிறது.

காலக்கோடு

* 1888 – லெ பிரின்ஸ் லீட்ஸில் அசையும் படங்களை எடுத்தல்
* 1909 – பிரித்தானியத் திரைப்படச் சட்டம்
* 1914 – அரங்கு திறப்பு
* 1984 – நண்பர்கள் அமைப்பு தோற்றம்
* 1989 – மாநகர அவையின் பொறுப்பிற்கு மாறுதல்
* 1996 – இரண்டாம் தரக் கட்டிடமாகப் பட்டியலிடப்படல்
* 2020 – புதுப்பித்தலுக்காக மூடப்படல்
* 2023 – இரண்டு திரைகளுடன் மீண்டும் திறப்பு

இவற்றையும் பார்க்கவும்

* லூயி லெ பிரின்ஸ்
* லீட்ஸ் பன்னாட்டுத் திரைப்பட விழா
* எரிவாயு விளக்கு
* பல்திரை அரங்கு
* ஐக்கிய இராச்சியத்தில் பட்டியலிடப்பட்ட கட்டிடங்கள்